என்ன கொடுக்கிறாங்க?

எங்கள் பேட்டையில் அந்தக் கட்டிடத்தை யாரும் அதன் பெயரைச் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. வாசலில் எந்தப் பெயரை எழுதி மாட்டினாலும் எங்களுக்கு அது பசி சர்க்கஸ்தான். டிராம் திரும்பும் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே, சர்க்கஸ் கூடாரம் மாதிரி, சாம்பல் நிறக் குவிமாடத்தோடு குந்தியிருக்கும். எண்பதுகளில் நாட்டை ஆண்ட அந்த ஆள் எங்களை ஒரு பக்கம் பட்டினி போட்டுக்கொண்டே, இன்னொரு பக்கம் புக்கரெஸ்டைச் சுற்றி இப்படிப் பெரிய பெரிய உணவுக் கூடங்களைக் கட்டினான். இறைச்சி, பால், ரொட்டி, சமைத்த சாப்பாடு எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்குமாம். கூரை வந்தது, இறைச்சி வரவில்லை. பிறகு ஒரு டிசம்பரில் அவனும் போய்ச் சேர்ந்தான். கட்டிக்கொண்டிருந்தவர்கள் கிரேனைக்கூட இறக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் குவிமாடம் வருவதற்கு முன்னால் அங்கே எங்கள் வீடு இருந்தது. எங்கள் வீடு என்றால் எங்கள் தெரு முழுக்க. புல்டோசர் வந்த அன்று அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா பானையைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள், நாங்கள் பின்னாலேயே வந்தோம். எதிரே அடுக்குமாடியில் இரண்டு அறை கொடுத்தார்கள். அம்மா போன பிறகு அந்த இரண்டு அறையில் நானும் என் தங்கை வேத்தாவும் காலம் தள்ளினோம். அவளுக்குப் புருஷன் வாய்த்துச் செத்தான், எனக்கு வாய்க்கவே இல்லை. எது மேல் என்று நாங்கள் அடிக்கடி சண்டை போடுவோம்.

வரிசையைப் பற்றிச் சொல்லாமல் எங்களைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் விடிவதற்கு முன்னால் கடை வாசலில் பையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். பை நின்றால் ஆள் நின்ற மாதிரி. வேறு எதைத் திருடினாலும் வரிசையில் ஒருத்தர் இடத்தை இன்னொருத்தர் திருட மாட்டோம். தெருவில் நாலு பேர் சுவரோரம் நின்றால் போதும், ஐந்தாவது ஆளாகப் போய் நின்றுகொண்டு அப்புறம்தான் கேட்போம், "என்ன கொடுக்கிறாங்க?" என்று. முட்டையா, சோப்பா, அதெல்லாம் பிறகு. முதலில் இடம் வேண்டும்.

எனக்கும் வேத்தாவுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. என் பையைப் பார்த்தால் நான் வரும்வரை அவள் அதைவிட்டு நகரக்கூடாது, அவள் பையைப் பார்த்தால் நான் நகரக்கூடாது. ஒரு பனிக்காலத்தில் நான் ஃபாக்டரியில் மாட்டிக்கொண்டேன். அவள் என் பைக்குப் பக்கத்தில் விரல் நீலம் பாரிக்கும்வரை நின்றாள். கடைசியில் கிடைத்தது கோழிக்கால், அதாவது நகத்தோடு இருக்கும் பாதம். பல்லெல்லாம் தந்தியடிக்க, "உன் இடத்தை யாருக்கும் விடலக்கா" என்று பெருமையாகச் சொன்னாள் பைத்தியக்காரி. அந்தப் பாதத்தைப் போட்டு சூப் வைத்துக் குடித்தோம்.

தொண்ணூறுகளில் குவிமாடத்துக்குள் சந்தை வந்தது. இஸ்தான்புல் ஜீன்ஸ், சீன பிளாஸ்க், எவனோ அழுது பாடிய கேசட் என்று எல்லாம் கிடைத்தது. பலகைக் கடைகள், தகரக் கடைகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. இனி இங்கே நல்ல காலம்தான் என்று நினைத்தோம். ஒரு வியாழக்கிழமை உள்ளே தீப்பிடித்து ராத்திரிக்குள் எல்லாம் கரியாயிற்று. அதற்கப்புறம் பேட்டைக் கிழவிகள் அந்தப் பக்கம் போகும்போது சிலுவை போட்டுக்கொண்டு, கெட்டது அண்டாமலிருக்கச் சட்டைக் கழுத்தை இழுத்து நெஞ்சுக்குள் தூ தூ என்று துப்பிக்கொண்டார்கள். அது திறக்க மனமில்லாத கட்டிடம் என்று பேசிக்கொண்டார்கள். நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது நானும் துப்பிக்கொள்வேன்.

வேத்தாவின் கடை மட்டும் தப்பியது. அது உள்ளே இல்லை, டிராம் நிறுத்தத்தைப் பார்த்த பக்கம் வெளியே இருந்தது. அங்கே குவிமாடத்தின் இடுப்பிலிருந்து ஒரு கான்கிரீட் கூரை, தூண் எதுவும் இல்லாமல், நாக்கை நீட்டின மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கடியில் அவளுடைய தகரக் கடை. ஜாம் வைத்துப் பொரிக்கும் கொகோஷ் உருண்டைதான் வியாபாரம். டிராமிலிருந்து இறங்குகிறவன் மூக்கு அவனை நேராக அங்கே கொண்டுவந்து விடும். சும்மா சொல்லக்கூடாது, அவள் கைக்கு அப்படி ஒரு பதம். அந்தக் கூரைக்கடியில்தான் எங்கள் அம்மாவின் சமையலறை இருந்தது என்று அவள் சொல்வாள். நான் அளந்து பார்த்ததில்லை, அவள் பார்த்திருக்கிறாள்.

பிறகு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். எல்லாம் புதுசு. கண்ணாடிக் குவிமாடம், நகரும் படிக்கட்டு, மேலே சினிமா. பெருஞ்சாலையைப் பார்த்த கிழக்குப் பக்கத்தை முதலில் முடித்துத் திறப்பது, எங்கள் பக்கத்துப் பழைய நாக்கை அப்புறம் இடிப்பது என்று திட்டம். அதுவரை அந்தக் கூரையின் நெற்றியில் இரும்புச் சட்டம் அடித்து, விளக்கெல்லாம் வைத்த பெரிய விளம்பரப் பலகையை மாட்டினார்கள். சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம். அவர்கள் பல் ஒன்று என் கதவு அளவு இருக்கும்.

பலகை மாட்டிய கொஞ்ச நாளில் விரிசல் வந்தது. கூரை சுவரோடு சேரும் இடத்தில், முதலில் தலைமுடி மாதிரி இருந்தது. வேத்தா அதைக் கவனிக்கவில்லை. கவனித்தது கம்பெனியின் இன்ஜினியர் பெண், இலிங்கா என்று பெயர். சின்னப் பெண்தான், கொகோஷ் தின்ன வந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெல்லுவதை நிறுத்திவிட்டாள். அடுத்த நாள் ஏணி போட்டு ஏறி, விரிசலின் குறுக்கே ஒரு பட்டை வெள்ளைப் பூச்சு பூசி, அதன்மேல் தேதி எழுதினாள்.

"இது என்னம்மா பிளாஸ்திரியா? தலைவலியா கட்டிடத்துக்கு?" என்று வேத்தா கேட்டாள்.

"இதுக்குப் பேரு சாட்சி ஆன்ட்டி. விரிசல் அசையாம இருந்தா இது முழுசா இருக்கும். அசைஞ்சா உடையும். அப்ப நீங்க இங்க இருக்கக் கூடாது."

"நான் இருக்கக் கூடாதுன்னு சொல்றவங்கள நான் நெறைய பாத்துட்டேன் கண்ணு. இன்னொண்ணு சாப்புடு."

இலிங்கா சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மேல போய்ப் பாத்தேன் ஆன்ட்டி. தண்ணி போற குழாயில சிமெண்ட் சாக்கும் குப்பையும் அடைச்சிருக்கு. மழைத் தண்ணியெல்லாம் மேலயே குளம் மாதிரி நிக்குது. அதோட அந்தப் பலகை வேற. உங்க தங்கச்சிய எப்படியாவது கெளப்புங்க."

அன்றிலிருந்து எனக்கு இருந்தது ஒரே வேலை, வேத்தாவை அந்தக் கூரைக்கடியிலிருந்து வெளியே கொண்டுவருவது.

ஒரு வாரத்துக்குள் சாட்சி உடைந்தது. நடுவில், யாரோ கத்தியால் கீறின மாதிரி. இலிங்கா வந்து பார்த்தாள், போட்டோ எடுத்தாள், ஓடினாள். அதற்கடுத்த நாள் அவளைக் காணோம். வேறு ஊர் வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம். சாட்சி மட்டும் புதிதாக முளைத்திருந்தது, ரொட்டித் துண்டு மாதிரி தடிமனாக, மேலே புதுத் தேதியோடு. இரண்டு ஆட்கள் காலையில் வந்து பூசிவிட்டுப் போனதாக வேத்தா சொன்னாள். ஆளுக்கு ஒரு கொகோஷ் வேறு கொடுத்தாளாம்.

அன்று சாயங்காலம் சமையலறையில் நாங்கள் போட்ட சண்டை கீழ் வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்காமல் குழாயைத் தட்டும் அளவுக்குப் போயிற்று.

"உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்காடி? உன் தலைக்கு மேல குளம் கட்டி வச்சிருக்கான். நீ அதுக்கடியில உக்காந்து மாவு பெசையுற!"

"நாப்பது வருஷமா நிக்குது அது. பூகம்பத்துக்கே அசையல."

"அப்ப அதோட மூஞ்சில இந்தப் பல்லுக்காரக் குடும்பம் தொங்கல!"

"அக்கா, கேளு." அவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் குரல் இறங்கினால் எனக்குப் பயம். கத்தும்போது அவளை வளைக்கலாம், இறங்கினால் முடியாது. "ஒரு தடவ அங்கருந்து போங்கன்னான், போனோம். தீப்பிடிச்சப்பயும் போங்கன்னான். இப்ப இவனுங்க. எத்தன தடவதான் போறது? இடிக்கட்டும். இடிக்கிற அன்னைக்கு மெஷின் வரட்டும், அது மூஞ்சியப் பாத்துட்டு நானே எந்திரிச்சு வரேன்."

"மெஷின் வராமலே இடிஞ்சா?"

"இடிஞ்சா அம்மா அடுப்படியிலதான சாவேன். வேற எவ குடுத்து வச்சவ?"

நான் கையிலிருந்த கரண்டியை வீசினேன். அவள்மேல் இல்லை, சுவர்மேல். அவள் அதைக் குனிந்து எடுத்துக் கழுவி வைத்தாள். அப்படி ஒரு பிடிவாதம். எனக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் போய்ப் படுத்தேன்.

மறுநாள் நேராகக் கம்பெனி மேலாளர் பனாய்த்திடம் போனேன். நல்ல சட்டை, நல்ல வாசனை. வாயிலிருந்து மட்டும் ஒரு நல்ல வார்த்தை வராது.

"மேடம், எல்லாம் கண்காணிப்புல இருக்கு. திறப்பு விழா முடியட்டும், அடுத்த வாரமே அத எடுத்துடறோம்."

"அடுத்த வாரம் வரைக்கும் அது கேக்குமா? நீங்க அதுகிட்ட கேட்டீங்களா?"

"சாட்சி முழுசா இருக்கு மேடம். நீங்களே பாருங்க."

"உடைஞ்ச சாட்சியத் தூக்கிட்டு வேற சாட்சியக் கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்க. எனக்குக் காது குத்தி அறுவது வருஷம் ஆச்சு தம்பி, புதுசா குத்தாதீங்க!"

அங்கே நின்று நான் கத்திய கத்தில் வாசலில் கூட்டம் சேர்ந்தது. அவருக்கு அதுதான் பயம். கடைசியில் இறங்கி வந்தார். திறப்பு விழா அன்று அந்தப் பக்கம் யாரும் போகாதபடி கயிறு கட்டிவிடுவதாகச் சொன்னார். குழாய் அடைப்பை எடுப்பீர்களா என்று கேட்டேன். எடுப்போம் என்றார். எடுக்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் மதியம் அந்தக் கூரை தானாகவே பேசியது. உள்ளங்கை அளவு கான்கிரீட் துண்டு ஒன்று மேலிருந்து பெயர்ந்து, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியில் விழுந்தது. எண்ணெய் தெறித்து வேத்தாவின் முன்கை முழுக்கப் பொத்துப்போயிற்று. அந்தப் பிடிவாதக்காரியின் கையைத் தண்ணீருக்கடியில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அழவில்லை, வெளுத்துப்போயிருந்தாள்.

"சரி," என்றாள். "நாளைக்கு ஒரு நாள் போகல."

"நாளைக்கு மட்டுமில்ல."

"நாளைக்குன்னு சொன்னேன்ல? மிச்சத்த நாளைக்கு அப்புறம் பேசலாம்." கொஞ்ச நேரம் கழித்து, "என் பரஸ்கேவா அங்கயே தொங்குறா" என்றாள். கடைக்குள் மாட்டியிருந்த புனித பரஸ்கேவா படத்தைச் சொன்னாள், அது அம்மாவுடையது. "நீ போவாத, நான் காலையில போய் எடுத்துட்டு வரேன்" என்று நான் சொன்னேன். அப்படித்தான் சொன்னேன்.

காலையில் வானம் ஈயம் மாதிரி கனத்துக் கிடந்தது. வேத்தா கையில் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. போகிற வழியில் சந்தையில் உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டேன். எங்கே போனாலும் வெறும் பையோடு திரும்பினால் எனக்கு ஆகாது. பச்சைக் கைப்பிடி வைத்த என் கட்டம் போட்ட பையைப் பேட்டை முழுக்கத் தெரியும், அத்தனை வருஷமாகத் தூக்குகிறேன்.

பனாய்த் சொன்னபடி கட்டியிருந்தார்கள். சிவப்பும் வெள்ளையுமாகப் பிளாஸ்டிக் நாடா, கம்பிக் கால்களில், கூரையின் விளிம்பை ஒட்டி நீளமாக ஓடியது. சுற்றிலும் ஆள் இல்லை. கூட்டமெல்லாம் கிழக்கு வாசலில் இருக்கும். அண்ணாந்து பார்த்தேன். புதுச் சாட்சி எனக்குத் தெரியும் உயரத்தில் இல்லை, கண்ணும் அவ்வளவு நன்றாக இல்லை. கிழங்குப் பையை நாடா ஓரத்தில் தரையில் வைத்தேன். குனிந்து உள்ளே போய்க் கடையைத் திறந்து, பரஸ்கேவாவைக் கழற்றித் துணியில் சுற்றி, பூட்டிவிட்டு ஓடி வந்தேன். ஓடினேன் என்றால் என் முழங்காலுக்கு ஏற்ற ஓட்டம்.

வெளியே வந்து பார்த்தால் என் பைக்குப் பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள்.

முதலில் சம்ஃபீர் அண்ணன், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின்னால் எங்கள் மாடியிலிருந்து இரண்டு பெண்கள். மூன்று பேர் கையிலும் பை.

"ஒளிம்பியா!" என்றார் சம்ஃபீர். "உன் பையப் பாத்தேன், சரி இங்கதான் வரிசைன்னு நின்னேன். என்ன கொடுக்கிறாங்க?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. நீளமாக ஒரு நாடா, அதன் தலையில் ஒரு பை. எங்கள் ஊரில் இதைவிட என்ன வேண்டும்?

"ஒண்ணும் கொடுக்கல அண்ணே! இது வரிசை இல்ல. கூரை விரிசல் விட்டிருக்கு, அதுக்காக நாடா கட்டியிருக்கான். போங்க, அந்தப் பக்கம் போங்க!"

அவர் என் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்னால் இருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ஒண்ணும் கொடுக்கலயாம். அதான் இவ விடியக்காலத்துல பைய வச்சுட்டு நிக்கிறா."

"ஐயோ, நான் சாமி படம் எடுக்க வந்தேன்!"

"சரிதான். நாங்களும் சாமி கும்பிடத்தான் வந்தோம்."

அதற்குள் இன்னும் ஐந்தாறு பேர் வந்து நின்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் டிராம் வந்து நின்றது. இறங்கியவர்கள் வரிசையைப் பார்த்தார்கள், நடையை எட்டிப்போட்டார்கள். "என்ன கொடுக்கிறாங்க?" என்று பின்னாலிருந்து கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் பெரிய சாமானாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தார்கள். வாணலி என்று ஒருத்தி சொன்னாள். அடுத்த டிராம் வருவதற்குள் வாணலி, மூடியோடு வாணலி ஆயிற்று.

பையை எடுத்துவிட்டால் கலைவார்கள் என்று குனிந்தேன். சம்ஃபீர் தடுத்தார். "விடு ஒளிம்பியா, வயித்தக் கலக்குதுன்னா போயிட்டு வா, உன் எடத்த நான் பாத்துக்கிறேன்." எல்லோரும் சிரித்தார்கள். நான் கத்தினேன், கும்பிட்டேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி திட்டினேன். எதைச் சொன்னாலும், எல்லாவற்றையும் தனக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறவள் சொல்வதாகத்தான் கேட்டது. கம்பெனிப் பாதுகாவலன் ஒருவன் மூலையிலிருந்து எட்டிப் பார்த்தான். அப்பாடா, வந்தான் என்று ஓடினேன். அவன் என்னை விலக்கிவிட்டு, "ஒருத்தர் பின்னால ஒருத்தரா நில்லுங்க, இடிக்காதீங்க" என்று வரிசையை நேராக்கிவிட்டுப் போனான்.

அப்போதுதான் மழை பிடித்தது. தூறல் இல்லை, வாளியைக் கவிழ்த்த மாதிரி. வரிசை மொத்தமும் நாடாவுக்கடியில் குனிந்து, கூரைக்குள் போய் நின்றுகொண்டது. ஒருத்தர் இடம்கூட மாறவில்லை. என் பையையும் சம்ஃபீர் அண்ணன் காலால் தள்ளி உள்ளே கொண்டுபோய், தனக்கு முன்னால் ஒழுங்காக வைத்தார்.

அத்தனை முகமும் தெரிந்த முகம். மேலே மழை விழும் சத்தம் நாலா பக்கமும் கேட்டது, ஆனால் தண்ணீர் எந்த விளிம்பிலும் வழியவில்லை. அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். பிறகு சம்ஃபீரின் தொப்பியில் பழுப்பாக ஒரு சொட்டு விழுந்தது, இன்னொன்று விழுந்தது. அவர் காலடியில் வெள்ளையாக ஏதோ வந்து விழுந்து உடைந்தது. குனிந்து எடுத்தேன். பூச்சுத் துண்டு. அதில் தேதியில் பாதி இருந்தது.

உண்மையைச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. இனி இவர்களுக்கு எது காதில் ஏறும் என்று எனக்குத் தெரியாதா? நானும் அந்த வரிசையில் வளர்ந்தவள்தானே.

"அந்தப் பக்கம் கொடுக்கிறாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "கிழக்கு வாசல்ல! எண்ணெய்! ஆளுக்கு ரெண்டு பாட்டில்! தீரப்போகுது, தீரப்போகுது!"

வரிசை உடைந்தது. அப்புறம் வெள்ளம். என்னையும் அள்ளிக்கொண்டு ஓடியது. பரஸ்கேவாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யார் யாரோ முழங்கையால் இடிக்க, குவிமாடத்தைச் சுற்றிக் கிழக்கு வாசலில் போய் விழுந்தேன். அங்கே பேண்டு வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தது. பனாய்த் கையில் கத்தரிக்கோலோடு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். நனைந்து, தொப்பலாகி, நடுரோட்டில் நின்று சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் என் வாழ்க்கையில் எனக்கு வந்ததில்லை.

"எங்க எண்ணெய்?" சம்ஃபீர் மூச்சு வாங்கினார்.

"எண்ணெய் இல்ல அண்ணே. உசிரு இருக்கு. அத எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க."

"அடிப்பாவி! உன் பையக்கூட விட்டுட்டு ஓடிவந்தியே, நம்பிட்டேனே!"

பை. என் பை அங்கேயே நிற்கிறது. போகட்டும், கிழங்குதானே என்று நினைத்தேன். நினைத்த அதே வேகத்தில் வேத்தா ஞாபகம் வந்தது. காலையில் கிளம்பும்போது நான் குடை எடுக்கவில்லை. வீட்டில் இருப்பவள் மழையைப் பார்த்திருப்பாள். ஆணியில் தொங்கும் குடையையும் பார்த்திருப்பாள்.

திரும்பி ஓடினேன். மூலை திரும்பியதும் தெரிந்தாள்.

வேத்தா கூரைக்கடியில் நின்றிருந்தாள். ஒரு கையில் கட்டு, மறு கையில் என் குடை. என் பையைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஒருத்தரும் இல்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா! எல்லாரும் எங்கயோ ஓடிட்டாங்க! நாமதான் மொதல்ல! என்ன கொடுக்கிறாங்க?"

"வெளிய வா! வேத்தா, வெளிய வாடி!"

மழைச் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது. காதில் கையை வைத்துக்கொண்டு, "என்ன?" என்றாள்.

"பைய விடு! பைய விட்டுட்டு ஓடி வா!"

அது கேட்டது. அவள் சிரித்தாள். பல் தந்தியடித்துக்கொண்டு கோழிக்காலோடு வந்து நின்றாளே, அதே சிரிப்பு.

"உன் எடத்த என்னைக்காவது யாருக்காவது விட்டிருக்கேனாக்கா?"

கூரை சத்தமில்லாமல்தான் இறங்கியது. சத்தம் அப்புறம் வந்தது.

திறப்பு விழா மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. விசாரணை நடந்தது. இலிங்கா எங்கிருந்தோ வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போனாள், என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பனாய்த் வேறு ஊரில் வேறு கட்டிடம் கட்டுவதாகக் கேள்வி. நாடாவைத் தாண்டிப் போனது அவள் தப்பு என்று பேப்பரில் போட்டிருந்தது.

அதற்கெல்லாம் முன்னால், நாற்பதாம் நாள் வந்தது. செத்தவர்கள் பெயரில் அன்று நாங்கள் சாப்பாடு கொடுப்போம். வெள்ளைத் துணி விரித்துக் கல்லறையில் கொடுக்கலாம், கோயிலில் கொடுக்கலாம். நான் அவள் பாத்திரத்தில் மாவு பிசைந்து கொகோஷ் பொரித்தேன். என் கைக்கு அந்தப் பதம் வராது, வரவும் இல்லை. தட்டில் அடுக்கி, மெழுகுவர்த்தி ஏற்றி, கல்லெல்லாம் அள்ளிப்போட்டுக் காலியாகக் கிடந்த அந்த இடத்துக்குக் கொண்டுபோனேன். வேலி ஓரத்தில் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டை வைத்துவிட்டு நின்றேன்.

டிராம் வந்தது. வழக்கம்போல ஜனம் இறங்கியது, வழக்கம்போலப் பார்த்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. சம்ஃபீர் அண்ணன்தான் முதலில் வந்தார். வந்தவர் பெட்டிக்குப் பக்கத்தில் வராமல், ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருத்தராக நின்றார்கள். வரிசை டிராம் நிறுத்தம் வரை போயிற்று.

"முன்னால வாங்கண்ணே," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "எனக்கு முன்னால ஆள் இருக்கும்மா."

நான் முதல் கொகோஷை எடுத்து அந்த வெற்றிடத்தில் நீட்டினேன். கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றேன். அதற்கப்புறம்தான் அவருக்குக் கொடுத்தேன்.